நகரும் வீடும் நகராத பள்ளிக்கூடமும்

(பரிசளிப்பு விழாவில் பள்ளியின் முன்னாள் மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



இங்கிலாந்தைப் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று ஆசிரியர் கேட்டுக்கொண்டார். அரண்மனையையும் பெரிய மணிக்கூண்டையும் பற்றி உங்களுக்குத் தொலைக்காட்சியே சொல்லிவிடும். நான் தாதியாக வேலை பார்த்தது அந்த நாட்டின் நடுப்பகுதியில், தொழிற்சாலைகள் நிறைந்த ஊர்ப்பக்கம். அங்கே கண்டதையும், கேட்டதையும், பிறகு தேடிப் படித்ததையும் சொல்கிறேன். அது தண்ணீரின் மேல் நகர்ந்துகொண்டே இருக்கும் வீட்டைப் பற்றிய கதை. அந்த வீட்டில் பிறந்த பிள்ளைகளைப் பற்றிய கதை.

முதலில் படகைக் கண்முன் கொண்டுவாருங்கள். ஏழடி அகலம். நீளமோ எழுபதடி வரைக்கும் போகும். பெரியவர் ஒருவர் உள்ளே நின்று இரண்டு கைகளையும் நீட்டினால் விரல்நுனிகள் ஏறக்குறைய இரண்டு பக்கச் சுவரையும் தொட்டுவிடும். ஆங்கிலத்தில் இதை 'நேரோபோட்' என்பார்கள். நாம் ஒல்லிப்படகு என்று வைத்துக்கொள்வோம்.

இவ்வளவு ஒல்லியாக ஏன் ஒரு படகைக் கட்ட வேண்டும்? இந்தக் கேள்வியைக் கேட்கிற பிள்ளை நல்ல பிள்ளை. பதிலுக்கு 250 ஆண்டுகளுக்கு மேல் பின்னால் போக வேண்டும்.

அப்போது இங்கிலாந்தில் சாலைகள் சேறும் சகதியுமாகக் கிடந்தன. நிலக்கரியைக் குதிரை முதுகில் மூட்டையாக ஏற்றிக்கொண்டு போவார்கள். ஆனால் அதே குதிரையைக் கரையில் நடக்கவிட்டு, கயிற்றால் படகை இழுக்க வைத்தால் ஒரு குதிரையே 25, 30 டன்னை இழுத்துவிடும். தண்ணீர் செய்கிற உபகாரம் அது. 1761இல் பிரிட்ஜ்வாட்டர் பிரபு தம் சுரங்கத்திலிருந்து மான்செஸ்டர் நகர்ப் பக்கமாக ஒரு கால்வாய் வெட்டினார். நகரத்தில் நிலக்கரி விலை ஏறக்குறையப் பாதியாக இறங்கியது. அவ்வளவுதான், நாட்டில் பணம் வைத்திருந்தவர்களெல்லாம் கால்வாய் வெட்டக் கிளம்பிவிட்டார்கள்.

அந்தக் கால்வாய்க்கு உழைத்த பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி. ஆலை எந்திரங்களைப் பழுது பார்த்து முன்னுக்கு வந்தவர். எழுதப் படிக்க அரைகுறையாகத்தான் தெரியும். கணக்குச் சிக்கிக்கொண்டால் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டு, மனத்துக்குள்ளேயே தீர்த்துவிட்டு எழுந்து வருவாராம். (பிள்ளைகளே, இதைச் சாக்காக வைத்துக்கொண்டு சோதனை நாளில் படுத்துவிடாதீர்கள்!) அவர் 1766இல் தொடங்கிய அடுத்த பெரிய கால்வாய் ஹேர்காசில் என்ற குன்றைக் குடைந்துகொண்டு போக வேண்டியிருந்தது. குகை மட்டுமே இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல். அகலமாகக் குடைந்தால் செலவு தாங்காது. மதகுகளை அகலமாகக் கட்டினால் தண்ணீர் தாங்காது. ஆகவே மதகுகளை ஏழடிக்கு அடக்கிவிட்டார். மதகு ஏழடி என்றால் படகும் ஏழடிக்குள் அடங்கித்தானே ஆக வேண்டும்? பிரிண்ட்லி 1772இல் இறந்தார். குகைவழி 1777இல்தான் முடிந்தது. அந்த ஏழடி மட்டும் இன்றைக்கும் இருக்கிறது.

அந்தக் குகைக்குள் குதிரை நடக்க இடமில்லை. படகின்மேல் பலகை போட்டு, ஆட்கள் மல்லாந்து படுத்து, காலால் சுவரை உதைத்து உதைத்துப் படகை நகர்த்துவார்கள். இருட்டு, ஈரம், மேலேயிருந்து சொட்டும் தண்ணீர். குதிரையை அவிழ்த்துக் குன்றின் மேல் நடத்திக்கொண்டு போய் மறுபக்கம் நிற்க வேண்டும். பல குடும்பங்களில் அது பிள்ளைகளின் வேலை.

பிள்ளைகள் எப்படிப் படகுக்கு வந்தார்கள்? தொடக்கத்தில் படகுக்காரருக்குக் கரையில் வீடு இருந்தது. மனைவி மக்கள் வீட்டில், அவர் படகில். பிறகு இரயில் வந்தது. சரக்கெல்லாம் இரயிலுக்குப் போயிற்று, கால்வாய்க் கூலி இறங்கியது. வீட்டு வாடகையும் கட்டி, படகுக்கு ஆளும் வைத்தால் கட்டுபடியாகாது. பல பேர் வீட்டைக் காலி செய்துவிட்டு, குடும்பத்தோடு படகில் ஏறிவிட்டார்கள். மனைவி சுக்கான் பிடிப்பாள், பிள்ளை குதிரையை ஓட்டும். ஒருவருக்குக் கூலி, குடும்பத்துக்கே வேலை. தாய் பால் வெட்டப் போகும்போது பெரிய பிள்ளை பின்னால் வாளி தூக்கிக்கொண்டு போன காலத்தைப் பார்த்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எழுபதடிப் படகில் அவர்கள் குடியிருந்தது எவ்வளவு இடம் தெரியுமா? பின்பக்கம் சுமார் பத்தடி. மற்ற அறுபதடியும் சரக்குக்கு. சரக்குதானே சோறு போடுகிறது! அந்தப் பத்தடிக்குள் ஓர் இரும்பு அடுப்பு. பக்கத்தில் ஒரு அலமாரி, அதன் கதவை மடக்கினால் சாப்பாட்டு மேசை. ஓரமாக ஒரு பலகை, பகலில் உட்கார, இரவில் பிள்ளை படுக்க. குறுக்கே மடக்குக் கட்டில், அது தாய் தகப்பனுக்கு. நம் லயத்து வீட்டு அடுப்படி அதைவிடப் பெரியது. அதற்குள் ஐந்தாறு உயிர்கள் வளர்ந்தன.

ஆனால் அழுக்குக் குடும்பம் என்று நினைத்துவிடாதீர்கள். பித்தளைக் குமிழ்களைத் தங்கம்போலத் தேய்த்து வைப்பார்கள். சுவரெல்லாம் ஓரத்தில் துளையிட்ட பூத்தட்டுகள், வெள்ளைப் பின்னல் துணிகள். கதவிலும் தண்ணீர்க் குவளையிலும் ரோஜாப்பூவும் கோட்டையும் வண்ணம் வண்ணமாக வரைந்திருக்கும். கரி சுமக்கும் படகில் அத்தனை ரோஜாப்பூ! வறுமையிலும் வாசலில் கோலம் போடுகிற கை எந்த நாட்டிலும் இருக்கத்தான் செய்கிறது.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். இந்த வீட்டில் எல்லாம் இருந்தது. அடுப்பு இருந்தது, படுக்கை இருந்தது, தாய் தகப்பன் கண்முன்னே இருந்தார்கள். பள்ளிக்கூடம் மட்டும் இல்லை. ஏனென்றால் வீடு நிற்பதே இல்லை. இன்று ஓர் ஊர், நாளை வேறோர் ஊர். சரக்கு இறக்குகிற அரை நாளில் பக்கத்துப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பினால், ஆசிரியருக்கு அது யாரென்றே தெரியாது. பத்து வயதுப் பிள்ளையைக் குட்டிப் பிள்ளைகளோடு உட்கார வைப்பார்கள். பெயர் கேட்டு எழுதி முடிப்பதற்குள் படகு கிளம்பிவிடும். அடுத்த ஊரில் மறுபடியும் முதல் பாடம். முதல் பாடத்தையே ஐம்பது தடவை படித்த பிள்ளை இரண்டாம் பாடத்துக்கு எப்போது போவது?

இதற்காகக் குரல் கொடுத்தவர் ஜார்ஜ் ஸ்மித் என்பவர். சிறு வயதிலேயே செங்கல் சூளையில் மண் சுமந்தவர். சூளைப் பிள்ளைகளுக்காகப் போராடி 1871இல் சட்டம் வரவைத்தார். அதன்பின் படகுப் பிள்ளைகள் பக்கம் திரும்பி, எழுதினார், பேசினார், பெரிய மனிதர்களின் கதவைத் தட்டினார். 1877இல் கால்வாய்ப் படகுச் சட்டம் வந்தது. 1884இல் அதை இன்னும் இறுக்கினார்கள். ஒவ்வொரு படகையும் பதிய வேண்டும், ஓர் அறைக்குள் இத்தனை பேருக்கு மேல் படுக்கக் கூடாது, பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும் என்று விதி.

ஸ்மித் நல்லவர்தான். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். படகுக்காரர்களைக் குடிகாரர், ஒழுக்கமில்லாதவர், அழுக்குப் பிடித்தவர் என்று அளவுக்கு மீறி எழுதிவிட்டார். அந்தப் பித்தளைக் குமிழ்கள் அவர் கண்ணில் பட்டதாகத் தெரியவில்லை. ஏழைக்கு உதவ வருகிறவர்கள் முதலில் ஏழையைத் திட்டுவது பழைய வழக்கம். படகுக்காரர்கள் அதை மறக்கவில்லை.

சட்டத்திலும் ஓர் ஓட்டை. படகு எந்த ஊரில் பதிவோ அந்த ஊர்ப் பிள்ளையாகக் கணக்கு. அந்த ஊரைப் படகு எப்போதோ ஒருமுறைதான் எட்டிப் பார்க்கும். படகு மூன்று நாள் பயண தூரத்தில் இருக்கும்போது எந்த அதிகாரி போய்ப் பிள்ளையைக் கூப்பிடுவார்?

நான் வேலை பார்த்த மருத்துவமனைக்கு 1970களில் ஒரு மூதாட்டி வந்து சேர்ந்தார். படகில் பிறந்து, படகிலேயே மணமாகி, படகிலேயே பிள்ளை பெற்றவர். படிவத்தில் கையெழுத்துக் கேட்டேன். பேனாவை வாங்கி ஒரு பெருக்கல் குறி போட்டார். அதையும் மெதுவாக, அழகாகப் போட்டார். பிறகு பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். பர்மிங்ஹாமிலிருந்து லண்டன் வரை சுமார் 220 கிலோமீட்டர், 160க்கும் மேற்பட்ட மதகுகள். ஹாட்டனில் 21, பிரான்ஸ்டனில் 6, பக்பியில் 7, ஸ்டோக் புரூயனில் 7 என்று மடை திறந்தாற்போலச் சொல்லிக்கொண்டே போகிறார். எந்த மதகின் கதவு கனம், எங்கே காற்று அடித்துப் படகைத் திருப்பும், எந்தப் பாலத்தடியில் தலையைக் குனிய வேண்டும், அத்தனையும் மனப்பாடம். கூலிக் கணக்கில் அவரை யாரும் ஏமாற்றியிருக்க முடியாது.

அவருக்குப் பேத்தி ஒரு கடிதம் எழுதியிருந்தாள். தலையணைக்கு அடியில் வைத்திருந்து, என்னிடம் எடுத்து நீட்டினார். படித்துக் காட்டினேன். முடிந்ததும் கடிதத்தைத் திரும்ப வாங்கி, அந்த எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டே, "உருட்டி உருட்டி நல்லா எழுதுறா, இல்ல?" என்று கேட்டார். படிக்கத் தெரியாது, ஆனால் எழுத்து நன்றாக இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தது. ஏம்மா, நீங்க சின்ன வயசுல பள்ளிக்கூடம் போகவே இல்லையா என்று கேட்டேன். "போனேனே, நூறு பள்ளிக்கூடம் போயிருக்கேன், ஒவ்வொண்ணுலயும் அரை நாள்" என்றார். அந்தப் பதிலை நான் இன்றுவரை மறக்கவில்லை. என்னை உட்கார வைத்த பள்ளிக்கூடம் ஒன்றே ஒன்றுதான். இதோ, இந்தப் பள்ளிக்கூடம்.

பிள்ளை பள்ளிக்கு வர முடியாவிட்டால் பள்ளி தண்ணீருக்குப் போகட்டும் என்று நினைத்தவர்களும் உண்டு. லண்டனை அடுத்த பிரென்ட்ஃபர்டில் 1904இல் படகுக்காரர்களுக்கென்று ஒரு மன்றம் கட்டி, அதில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார்கள். 1930இல் வெஸ்ட் டிரேட்டன் என்ற இடத்தில் 'எல்ஸ்டேல்' என்ற பெரிய படகையே வகுப்பறையாக்கிக் கரையில் கட்டி வைத்தார்கள். மேசை, நாற்காலி, கரும்பலகை எல்லாம் படகுக்குள். தகப்பன் சரக்குக்குக் காத்திருக்கும் நாள்களில் பிள்ளை போய் எழுத்துக் கற்றது. 1950களில் பர்மிங்ஹாமில் படகுப் பிள்ளைகளுக்கு ஒரு விடுதி திறந்தார்கள். பிள்ளை விடுதியில் தங்கிப் படிக்கும், படகு அந்தப் பக்கம் வரும்போது தாய் வந்து பார்ப்பாள். படிப்பு வந்தது, ஆனால் பிள்ளை படகை விட்டுப் போயிற்று. அந்தத் தாய்மாருக்கு அது சின்ன விலை அல்ல.

இன்னொருவரையும் சொல்லாமல் விட முடியாது. என் தொழிலைச் சேர்ந்தவர் ஆயிற்றே. ஸ்டோக் புரூயன் கிராமத்தில் மதகுக்குப் பக்கத்திலேயே குடியிருந்த மேரி வார்டு என்ற தாதி, தம் வீட்டையே மருந்தகமாக்கிப் படகுக்காரர்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1951இல் அரசு அவருக்குப் பதக்கம் கொடுத்தது. நிற்க நேரமில்லாத மக்களுக்கு, அவர்கள் நின்றே ஆக வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்தார் பாருங்கள், அதுதான் மூளை.

இரண்டாம் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை வந்தபோது, அலுவலகத்திலும் வீட்டிலும் இருந்த பெண்கள் படகோட்டப் பழகினார்கள். முன்னால் எந்திரப் படகு, பின்னால் அது இழுக்கும் படகு, இரண்டிலும் சேர்த்து 50 டன் சரக்கு. லண்டனிலிருந்து உலோகச் சரக்கு ஏற்றிப் பர்மிங்ஹாம் போய், கவென்ட்ரிப் பக்கம் நிலக்கரி ஏற்றித் திரும்ப மூன்று வாரம். மூன்று மூன்று பெண்களாக அதைச் செய்தார்கள். படித்த அந்தப் பெண்களுக்குப் படிக்காத படகுப் பெண்கள்தான் வழிகாட்டி. யார் யாருக்கு ஆசிரியர் என்பது இடத்தைப் பொறுத்தது.

முடிவு குளிரால் வந்தது. 1962 டிசம்பரில் தொடங்கிய கடுங்குளிரில் கால்வாய்கள் கல்லாக உறைந்தன. மார்ச் வரை பல படகுகள் நின்ற இடத்திலேயே நின்றன. வேலை இல்லை. அதே 1963இல் அரசு நிர்வாகம் தன் ஒல்லிப்படகுச் சரக்குத் தொழிலைப் பெரும்பாலும் கைவிட்டது. தோட்டம் கைமாறி, லயத்தைக் காலி செய்து, பட்டணத்து அடுக்குமாடிக்குப் போனவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அந்தப் படகுக் குடும்பங்களும் அப்படித்தான் கரையேறின. ஆடாத தரையில் தூக்கம் வரவில்லை என்று சொன்னவர்கள் உண்டாம்.

படகு போயிற்று, கால்வாய் ஏன் பாழாகவில்லை? 1939இல் ரோல்ட் என்ற பொறியாளர் தம் மனைவியோடு 'கிரெஸ்ஸி' என்ற பழைய படகில் குடியேறிக் கால்வாய்களைச் சுற்றினார். 1944இல் அந்தப் பயணத்தைப் புத்தகமாக எழுதினார். அதைப் படித்துக் கிளர்ந்தவர்கள் 1946இல் சங்கம் அமைத்தார்கள். தூர்ந்த கால்வாய்களை விடுமுறை நாள்களில் மண்வெட்டியோடு இறங்கித் தூர்வாரியவர்கள் ஆயிரக்கணக்கானோர். இன்று சுமார் 3,200 கிலோமீட்டர் நீர்வழியை 2012இல் அமைந்த ஓர் அறக்கட்டளை பராமரிக்கிறது. அதன் நீரில் 30,000க்கும் மேற்பட்ட படகுகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் மக்கள் குடியிருக்கிறார்கள். சிலர் ஆசைக்கு, சிலர் பணி ஓய்வுக்குப் பின். லண்டன் போன்ற ஊர்களில் வீட்டு வாடகை கொடுக்க முடியாமல் படகுக்கு வந்தவர்களும் நிறைய.

அப்படி ஒரு படகில் நான் நான்கு நாள் போயிருக்கிறேன். மணிக்கு ஆறரைக் கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. நடந்து போகிறவர் நம்மை முந்திக்கொண்டு போய்க் கையாட்டுவார்! படகு வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் சுக்கான் கட்டையை இடப்பக்கம் தள்ள வேண்டும். மதகு என்றால் மேடு ஏறும் படிக்கட்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள். படகைத் தொட்டிக்குள் விட்டு, பின்கதவைச் சாத்தி, இரும்புக் கைப்பிடியால் மேல்மதகின் பலகையைத் திருகித் தூக்கினால் தண்ணீர் பொங்கி வந்து படகைத் தூக்கிவிடும். ஒரு தடவைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர். எந்திரமில்லை, மின்சாரமில்லை, இடுப்பால் முட்டித் தள்ளுவதுதான். வேல்ஸ் நாட்டில் போன்ட்கசுல்தே என்ற இடத்தில், 38 மீட்டர் உயரத்தில், தொட்டிப் பாலத்தின் மேல் கால்வாயே ஆற்றைத் தாண்டிப் போகிறது. 1805இல் திறந்தது. நடைபாதைப் பக்கம் கம்பி உண்டு. மறுபக்கம் ஒன்றுமே கிடையாது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

படத்தில் பார்த்தால் சொர்க்கம்தான். அன்றாடம் வேறு. குடிதண்ணீர்த் தொட்டி தீர்ந்தால் குழாய் இருக்கிற இடம் வரை படகை ஓட்ட வேண்டும். கழிவுப் பெட்டியைக் கையால் தூக்கிப் போய்க் கொட்ட வேண்டும். மாரியில் சூரியத் தகடு மின்சாரம் தராது, கரி மூட்டையைக் கூரைமேல் அடுக்கி வைத்து அடுப்பெரிக்க வேண்டும். ஜன்னலை இறுக மூடிவிட்டால் அடுப்புப் புகையே எமன்.

நிரந்தரமாகக் கட்ட இடம் வாங்காத படகுக்கு 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. ஓர் இடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது, நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். 2024 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்ட படகுகளுக்கு உரிமக் கட்டணமும் கூடுதல். பிள்ளை இல்லாதவருக்கு 14 நாள் போதும். பள்ளிக்குப் போகிற பிள்ளை இருந்தால்? படகு நகர வேண்டும், பள்ளி நகராது. பழைய கதைதான், வேறு உடுப்பில்.

ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. அந்தக் காலத்தில் படகு போன இடத்துக்குப் பிள்ளை போயிற்று. இப்போது படகு எங்கே போனாலும் பிள்ளை அதே பள்ளிக்கு வருகிறது. இந்த இரண்டு வாரம் பள்ளிக்குப் பக்கத்திலேயே படகு, நடந்து போகலாம். அடுத்த இரண்டு வாரம் தள்ளி, சைக்கிளில் போக வேண்டும். அதற்கடுத்து இன்னும் தள்ளி, பஸ் பிடிக்க வேண்டும். நான் போன படகுக்குப் பின்னால் கட்டியிருந்த படகில் ஒரு தாய் இருந்தாள். கூரைமேல் கரி மூட்டைக்குப் பக்கத்தில் இரண்டு சைக்கிள், ஒன்று பெரியது, ஒன்று சின்னது. காலை ஆறு மணிக்கே விளக்கு எரியும். அந்த வாரம் பள்ளி ஒன்பது கிலோமீட்டர் தூரம் என்றாள். மழையில், கரைப்பாதைச் சேற்றில், முன்னால் சின்னச் சைக்கிள், பின்னால் பெரிய சைக்கிள். பள்ளிப் பதிவேட்டில் வீட்டு முகவரி என்று என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டேன். "படகின் பெயரை எழுதினேன். மற்றதைப் பென்சிலில் எழுதிக்கொள்ளச் சொன்னேன்" என்றாள்.

பரிசுப் புத்தகங்கள் மேசைமேல் காத்திருக்கின்றன, பிள்ளைகளும் நெளிய ஆரம்பித்துவிட்டார்கள்.